ஐந்து மில்லிமீட்டர்

வரிக்குப் பயந்து
நாலு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் குறைவாய்
வயிற்றை எக்கி நிற்கிறது
புது வண்டி.
ஜோர்ஹாட் ஷோரூம் முழுக்க பலூன்.

“சின்னதுக்கு அண்ணன், பெரியதுக்குத் தம்பி,
விலையும் அப்படித்தான்”
என்கிறான் திகந்தா.
கூரை திறக்கிறது.
திரை இந்தியில் வணக்கம் சொல்கிறது.

நர்ஸ் ஜோனாலி சைகியா
கைப்பையிலிருந்து டேப்பை எடுக்கிறாள்.
நீளத்தை அல்ல,
தரைக்கும் கதவின் அடிவிளிம்புக்கும் நடுவே
மண்டியிட்டு அளக்கிறாள்.
பிறகு உள்ளங்கையைப் பார்க்கிறாள்:
போன ஜூலையில்
வாசல் சுவரில் வெள்ளம் கிழித்த கோடு,
பேனாவில், சென்டிமீட்டரில்.

“மேடம், சன்ரூஃப்...”

டேப் சர்ரென்று உள்ளே ஓடுகிறது.
எதிர்ச்சாரியில் இன்னும் மூன்று ஷோரூம்.
அங்கேயும் எக்கிய வயிறுகள்
அவள் சாலையைக் கடப்பதைப் பார்த்தபடி.