ஏப்ரல் மாதத்துப் பத்து சென்டிமீட்டர்

ஊதா மூடியிட்ட இரண்டு குழாய்கள்.
ஒட்டுச்சீட்டில் ஒரே குடும்பப்பெயர், ஒரே பிறந்தநாள்.
யாரோ ஒரே ஆளை இரண்டு முறை எழுதிவிட்டார்கள் என்றுதான்
முதலில் நினைத்தேன்.
குவோப்பியோ ஆய்வகத்தில் பதினோரு வருடமாக
ஊர் இரத்தத்தைச் சுழலவிட்டுத்
தெளியவைக்கிறவன் நான்.
கைப்பிழைகளை அறிவேன்.

பிழை இல்லை. இரட்டையர்.
இர்யா, உர்ஹோ. எழுபத்து நான்கு வயது.
இர்யா பதினேழு நிமிடம் மூத்தவராம்;
ஊசிக்குக் கை நீட்டும்போதே சொல்லிவிட்டாராம்.

எங்கள் மொழியில்
அவனும் இல்லை அவளும் இல்லை.
இருவருக்கும் ஒரே சொல்.
படிவத்தில் ஆ, பெ என்று இரண்டு கட்டங்கள் உண்டு.
எந்திரம் அதைக் கேட்பதில்லை.
வைக்கோல் நிறத்துத் தெளிவை உறிஞ்சி
டௌ புரதத்தை எண்ணிச் சொன்னது:
தசமப் புள்ளிக்குப் பிறகும்
இருவருக்கும் ஒரே எண்.

பிறகு சொற்சோதனை.
ரம்பம், சிட்டுக்குருவி, திரைச்சீலை, உப்பு…
பதினைந்து சொற்கள்.
உர்ஹோ ஆறு சொன்னார்.
மீதியை ஜன்னலில் தேடினார்.
இர்யா பதினான்கு, அதுவும் வரிசை மாறாமல்.
மருத்துவமனை ஸ்விட்ச்போர்டில்
முப்பத்தொரு வருடம் உட்கார்ந்த நாக்கு அது.
உர்ஹோவைச் சிகிச்சைப் பட்டியலில் சேர்த்தார்கள்.
இர்யாவைக் கைகுலுக்கி
வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தாதி மட்டும் ஒன்று கேட்டிருந்தார்:
மாதவிலக்கு எந்த வயதில் நின்றது?
நாற்பத்து மூன்றில்.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தார்.
கணினிக்குப் பென்சில் தெரியாது.
உர்ஹோவிடம் அதுபோல
யாரும் எதுவும் கேட்கவில்லை.

எங்களுக்கும் தெரியாமல் இல்லை.
உடல் பெருத்தால் இரத்தம் கூடும், எண் நீர்த்துப்போகும்.
சிறுநீரகம் தளர்ந்தால் கழியாமல் தேங்கும்.
சொல் வளம் உள்ளவர்
சரிவைச் சொற்களாலேயே மூடிவைப்பார்.
தெரியும்.
அடிக்குறிப்பில் தெரியும்,
எழுத்தளவு எட்டில்.

இரண்டு குளிர்காலம் போயிற்று.
உர்ஹோ காரை ஓட்டிக்கொண்டு வந்தார்.
அதே ஆறு சொற்கள்,
அதே ஜன்னல்.
பக்கத்து இருக்கையிலிருந்து இர்யாவை
இறக்கிவிட வேண்டியிருந்தது.
பதினைந்தில் மூன்று.
மூன்றாவது பட்டியலிலேயே இல்லாத சொல்.
எண்கள் இருவருக்கும் மயிரிழை ஏறியிருந்தன,
சமமாக.

"ஒரே எண்தானே" என்றார் டாக்டர் ஹெல்க்கா,
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

உர்ஹோ சாலைத் துறையில் இருந்தவர்.
கல்லாவேசி ஏரி உறைந்ததும்
துளையிட்டு அளந்து
வண்டி போகலாமா என்று சொல்வது வேலை.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:
"நவம்பர் மாதத்துப் பத்து சென்டிமீட்டர்
ஆளைத் தாங்கும்.
ஏப்ரலிலும் கோலை விட்டால் பத்துதான் காட்டும்.
உள்ளே ஊசி ஊசியாக விட்டுப்போயிருக்கும்.
பார்த்தால் தெரியாது.
ஒரு டிராக்டரைக் கொடுத்த பிறகு
மாதத்தையும் சேர்த்து எழுதத் தொடங்கினோம்."

யாரும் பேசவில்லை.
டிராக்டரில் ஆள் இருந்தாரா என்று
கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அந்த வாரமே அட்டவணையை
இரண்டாகப் பிரிக்கச் சொல்லி எழுதினேன்.
பிரித்தால் இரு பக்கமும் ஆள் போதாது என்று
புள்ளியியல் பிரிவிலிருந்து பதில்.
அதிலும் உண்மை உண்டு.
மறுபடி எழுதியிருக்கிறேன்.

அன்று நடைவழியில்
என் கதவின் எண்ணை இர்யா விரலால் தொட்டுப் படித்தார்.
நாலு, ஒன்று, ஏழு.
முதுகு சட்டென நிமிர்ந்தது. குரல் திறந்தது:
"காத்திருங்கள், இணைக்கிறேன்."

காத்திருந்தேன்.
உர்ஹோவும், கையில் இரண்டு கோட்டுகளோடு.

குழாய்கள் உறைபெட்டியில் இருக்கின்றன,
பூஜ்யத்துக்குக் கீழே எண்பது பாகையில்,
ஒன்பதாம் அடுக்கில், அடுத்தடுத்த குழிகளில்.
ஒன்றின் மூடியில் மட்டும்
பென்சிலால் எழுதியிருக்கிறேன்: 43.
அந்தக் குளிரில் பென்சில் அழியாது.