நான்கு மைக்ரான்

பரேலில் ஜூலை மாதம் மெழுகு சொன்ன பேச்சு கேட்காது.
பனிக்கட்டித் தட்டில் கவிழ்த்து வைத்தால்தான்
கொஞ்சம் இறுகி வழிக்கு வரும்.
கைப்பிடியைச் சுற்றுகிறேன்.
பிளேடிலிருந்து ரிப்பனாக இறங்குகிறது
யாரோ ஒருவரின் சிறுகுடல்,
நான்கு மைக்ரான் கனம்.
மூச்சு பட்டால் பறந்துவிடும்.
பதினொரு வருடமாக மூச்சடக்கித்தான் சம்பாதிக்கிறேன்.

வெந்நீரில் மிதக்கவிட்டு
தூரிகையால் சுருக்கம் நீக்கி
கண்ணாடியில் ஏந்துவேன்.
டாக்டருக்குப் போகுமுன்
சாயம் ஏறியிருக்கிறதா என்று மட்டும் நான் பார்க்கலாம்.
அதற்கு மேலும் பார்த்துவிடுகிறேன்.

உணவுக்குழலில் அடுக்கடுக்காகத் தட்டைச் செல்கள்.
கொதிக்கிற டீயை முதலில் வாங்குபவை,
உரிந்து போவதற்கென்றே மேலே ஏறி வருபவை.
சிறுகுடலில் விரல்கள்.
மலபார் ஹில்லிலிருந்து வந்த குப்பியிலும்
ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்த குப்பியிலும்
ஒரே மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்.
இடையிடையே கோப்பைச் செல்கள்,
வயிறு நிறையச் சளியோடு, சாயம் ஒட்டாமல், வெள்ளையாக.
குழிகளின் அடியில் சிவப்புக் குருணை ஏந்திய காவலர்கள்.
அறுவையில் வந்த முழுத் துண்டென்றால்
இரண்டு தசைப் படலங்களுக்கு நடுவே
நரம்பு முடிச்சும் தெரியும்.
மூளையைக் கேட்காமலே
தள்ளு, விடு, தள்ளு என்கிற முடிச்சு.
விரார் ஃபாஸ்ட்டில் ஏறும்போது
யார் யாரைக் கேட்கிறார்கள்?

திங்களன்று வந்த குப்பி, எண் 3172.
இரைப்பையின் கீழ்ப்பகுதி. நான்கு துணுக்கு. கடுகளவு.
சீட்டில்: தத்தாராம் கோலப், ஆண், 54.

ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே வடாபாவ் போடுகிற தத்தாராம்.
என் ஒரு மணிப் பசிக்கு அவர்தான் பொறுப்பு.
அவர் கை தினமும் என் இரைப்பைக்குள் போகிறது.
இன்று அவர் இரைப்பை என் கையில்.

பிளேடை மாற்றினேன். புதுசு.
அவருக்காக என்று சொல்ல முடியாது, எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது.

லென்ஸுக்குக் கீழே
இருக்கக்கூடாத இடத்தில் ஒரு கோப்பைச் செல்.
பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு வரிசை.
ஆல்சியன் நீலம் போட்டதும்
மயில்கழுத்து நிறத்தில் ஒத்துக்கொண்டன.
இரைப்பை தன் தொழிலை மறந்து
குடலாகப் பழகிக்கொண்டிருக்கிறது.
வெளியிலிருந்து யாரும் வரவில்லை.
இருந்த இடத்திலேயே வருடக்கணக்கில் எரிந்து எரிந்து
ஒன்று வேறொன்றாகிவிடுகிறது.
எனக்கும் கனவில் எண்கள் மராட்டியில்தான் வருகின்றன.
அதை யாரும் நோயென்று எழுதவில்லை.

டாக்டர் எழுதினார்:
குடல்வகை மாற்றம். புற்று இல்லை.
வளைந்த சிறு கோல்கள் உண்டு, மருந்து தேவை.
மறுபடி பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஒரு மணி.
ஒரு பச்சை மிளகாயை உப்பில் தொட்டு
நின்றபடியே கடித்துக்கொண்டிருந்தார்.
"திகட் கமி, தாதா" என்றேன்.
காரம் குறைவாகவா, நீங்களா என்று சிரித்தார்.
வயிறு சரியில்லை என்றேன். பொய்.
"எனக்கும்தான். உங்கள் கட்டடத்தில்தான் கொடுத்திருக்கிறேன்.
ஏதாவது தெரிந்ததா?"
வடை எண்ணெயில் திரும்பிப் படுத்தது.
"டாக்டர் சொல்வார்."

நான் பார்த்த அந்த வரிசை
இதற்குள் உதிர்ந்து போயிருக்கும்.
நாலைந்து நாள்தான் அவற்றின் ஆயுசு.
குழியிலிருந்து புதியவை ஏறி வந்திருக்கும்,
கற்றுக்கொண்டது எதுவோ அதையே செய்துகொண்டு.
பழையது என் அலமாரியில் மட்டும்,
லேபிள் ஒட்டி, பத்திரமாக.

பாவைக் கடித்தேன்.
சொன்னபடியே மிளகாய்ச் சட்னி தடவாமல் தந்திருந்தார்.
சப்பென்று இருந்தது.
அவர் பார்த்துக்கொண்டிருந்ததால்
முழுசாகச் சாப்பிட்டு முடித்தேன்.