தொட்டியில் மணல்

ஆறு வருஷம் சைப்ரஸில் இருந்தேன்.
கடலில் கால் வைத்தது இரண்டே தரம்.
அதில் ஒரு தரம்
மேடத்தின் நாய் அவிழ்த்துக்கொண்டு ஓடியதால்.

மற்றபடி கடல்
குளியல் தொட்டிக்கு அடியில்தான் என்னிடம் வந்தது.
மேடத்துக்குப் பதினான்கு வாடகை வீடு,
பதினான்கு தொட்டி.
பொடியாய், வெள்ளையாய் மணல் கிடந்தால்
நிஸ்ஸி பக்கம் குளித்திருக்கிறார்கள்.
சிப்பித்தூள் கலந்திருந்தால் கொன்னோஸ்.
கூழாங்கல் என்றால்
தூரத்துக்கு பஸ் பிடித்துப் போன ஆட்கள்,
டிப்ஸ் வைக்கமாட்டார்கள்.
இப்படியே அந்தத் தீவு முழுக்கச் சுற்றினேன்
முட்டிபோட்டு.

யோகமலர் அவர்கள் வாயில் நிற்கவில்லை.
யோலா என்று வைத்தார்கள்.
கூப்பிட்டால் திரும்ப இரண்டு மாதம் பிடித்தது,
திரும்பாமல் இருக்க இன்னும் பழகவில்லை.

அந்தக் காசில் எல்லயில் இரண்டு அறை கட்டினேன்.
பாதி கடன், பாதி மணல்.
'வெந்நீர் உண்டு' என்று போர்டு,
மூன்று மொழியில்.

போன மாசியில், மழையில்லாத ஒரு கிழமை
ஒரு பெண்ணும் புருஷனும் வந்தார்கள்.
பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதும்போது பேனா நின்றது.
ஊர் லார்னக்கா. பெயர் கிரியாக்கி.
அவர்கள் பாஷையில் அது ஞாயிற்றுக்கிழமை.
ஊருக்கெல்லாம் லீவு,
எனக்கு வீடு மாறும் நாள்,
பதினான்கு தொட்டியும் ஒரே பகலில்.

'கலோசோரிசேதே' என்றேன்.
பையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.
எங்கே படித்தாய் என்று கேட்டார்கள்.
சொன்னேன்.
சிரிப்பு கொஞ்சம் சின்னதானது.

நான்கு நாள் தங்கினார்கள்.
நான்கு நாளும் அவர்கள் குளியலறையைக் கழுவினேன்.
சிவப்பாய் ஒட்டினால் தெமோதர வளைவு.
எண்ணெய்க் கறுப்பு ரயில் பாதை.
தேயிலைச் சருகோடு வந்தால்
ஏழாம் நம்பர் மலை.
'வியூ பாயிண்ட்' என்றாள் கிரியாக்கி.
எங்கள் அம்மாவுக்கு
கொழுந்து நிறை குறைந்ததென்று
அரைப்பேர் போட்ட மலை.

கடைசி இரவு போனில் படம் காட்டினார்கள்.
பறக்கும் கேமரா எடுத்தது.
நான் பிறந்த லயத்தின் தகரம்
இத்தனை நிறம் என்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

'நீ இருப்பது சொர்க்கம், யோலா.'
'நீங்களும் அங்கேதானே.'
'எங்கே! கோடை வந்தால்
கடற்கரைப் பக்கமே போவதில்லை.
கார் நிறுத்த இடமில்லை,
துண்டு விரிக்க இடமில்லை.
நீ ஒரு தரம் வா,
இந்த முறை விருந்தாளியாக.'

'வந்து என்ன செய்ய வேண்டும்?'

'ஒன்றும் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.'

ராத்திரி முழுக்க அதையே புரட்டினேன்.
ஒன்றும் செய்யாத வேலைக்கு
எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும்?

அவர்கள் போன காலையில்
துவைக்கிற விரிப்பை அப்படியே விட்டுவிட்டு
ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடந்தேன்.
நாற்பத்தொரு வயதில் முதல் தரம்.
முந்தின நாள் மழை. வழியெல்லாம் வழுக்கல்.

செவ்விளநீர்க்காரப் பையன்
மேடம் என்று கூப்பிட்டு
வெள்ளைக்காரர் விலை சொன்னான்.
பேரம் பேச வாய் வந்தது,
மூடிக்கொண்டு கொடுத்தேன்.
ஒரு பெண் கேமராவோடு வந்து
கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று
சைகையில் கேட்டாள்.
முடியும்தான்.
நிற்கவில்லை.

ரயில் வந்தது.
ஜன்னலில் ஒரு குழந்தை கை காட்டியது.
யாருக்கென்று தெரியவில்லை,
நானே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து
கடைசியாய்ப் போனவர்களின் அறையைத் திறந்து
வெந்நீரைத் திருகிவிட்டுக் குளித்தேன்.
வெள்ளை டைல்ஸில் சிவப்பு வரி வரியாய் ஓடி
ஓட்டை வாயில் தங்கியது.

பிரஷ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
பொழுது சாயும் வரை
தொடவில்லை.