மூன்று நாடும் ஒரு ஐஸ்பழமும்

ஞாயிறு எனக்குப் பதினொரு மணிக்குத்தான் விடியும்.
சனி இரவு முழுக்க ஆசுபத்திரிச் சலவைக்கூடத்தில்
யாரோ படுத்தெழும்பிய விரிப்புகளை மடித்துவிட்டு வந்து
கண்ணைத் திறந்தால்
சப்பாத்தும் போட்டுக்கொண்டு கட்டிலருகில் நிற்கிறான் ஆரூரன்.
"அப்பா, இண்டைக்கு எங்க?"

சுகிர்தா தேங்காய்ப்பூ ரொட்டி சுட்டு
வெள்ளித்தாளில் சுற்றிவிட்டாள்.
மேசையில் ஒரே ஒரு பத்துப் பிராங்க் தாள்.
"மிச்சம் வந்தாத்தான் நாளைக்குப் பால்" என்கிறாள்,
நிதியமைச்சர் குரலில்.

லக்சிகா சாப்பாட்டுப் பையைத் தூக்காமல் நிற்கிறாள்.
விடுமுறை முடிகிறது.
நாளைக்கு வகுப்பில் ஒவ்வொருவராய்ச் சொல்லவேண்டுமாம்.
நோவா மயோர்க்கா. எலின் தாய்லாந்து.
ஒருத்தி போன கப்பலுக்குள்ளேயே நீச்சல்குளமாம்.
"நான் என்னத்தச் சொல்லுறது?
போன கிழமை மான் பார்த்தது,
அதுக்கு முதல் கிழமையும் அதே மான் பார்த்தது எண்டா?"

பாசல் பேராலயத்தின் பின்புறம்
சிவப்புக்கல் படிகளில் இறங்கினால் படகு.
அதற்கு இயந்திரமில்லை, துடுப்பில்லை.
குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டிக்கொண்டு
தானாய் நகர்கிறது.
"ஆர் தள்ளுறது?" என்கிறான் ஆரூரன்.
"ஆறு" என்கிறேன்.
பெரியவர்களுக்கு இரண்டிரண்டு, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று,
கூட்டிப் பார்த்தால்
அதுவும் ஆறு.
"ஆத்துக்குச் சம்பளம் குடுத்தாச்சு" என்று
படகுக்காரரைப் பார்த்துக் கையசைக்கிறான்.

மறுகரையில் இனி நடைதான்.
பாதி சேவல், பாதி பாம்பான ஒன்று
வாயால் தண்ணீர் கொட்டும் ஊற்றில்
போத்தலை நிரப்பி, முகத்தையும் கழுவி,
போதாதென்று பிள்ளைகள் தொட்டிக்குள்ளேயே இறங்கி,
ஈரக் காற்சட்டையோடு ரைன் கரை வழியே.
உடுப்பை மீன் வடிவப் பைக்குள் கட்டி
அதைப் பிடித்தபடி மிதந்து போகிறார்கள் சனங்கள்,
வேலையிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் போல
அவ்வளவு சாதாரணமாய்.

துறைமுகம் தாண்டி, பாரந்தூக்கிகள் தாண்டி
நிலம் முடிகிற முனை.
நடுவில் ஒரு வெள்ளித் தூண்.
இந்தப் பக்கம் ஜெர்மனி, அந்தப் பக்கம் பிரான்ஸ்,
சப்பாத்துக்குக் கீழே சுவிஸ்.
என்னிடம் உள்ளது எல்லை தாண்டக்கூடாத அட்டை.
பிள்ளைகளுக்கு அது தெரியும்.
அந்தப் பக்கம் போவமா என்று
இதுவரை ஒருநாளும் கேட்டதில்லை.

ரொட்டியைப் பிரிக்கும்போது காற்று திரும்புகிறது.
பிரான்ஸில் யாரோ இறைச்சி சுடுகிறார்கள்.
நாங்கள் நால்வரும் மூக்கை உயர்த்திக்கொண்டு
சுவிஸில் நின்று சம்பலோடு சாப்பிடுகிறோம்.

"மூண்டு நாடு எண்டு எழுதலாம்" என்கிறாள் லக்சிகா மெதுவாய்.
"ஆனா போனேன் எண்டு எழுதுறதோ?
பார்த்தேன் எண்டோ?"
"மணந்தேன் எண்டு எழுது" என்கிறாள் சுகிர்தா,
என்னைப் பார்த்தபடி.
அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்.
பிள்ளைகளுக்கு ஒன்றுதான் விளங்கியது.
எனக்குப் புரையேறிவிட்டது.

திரும்புகையில் ஐஸ்பழ வண்டி.
பிள்ளைகள் பார்க்காததுபோல் கடந்துவிட்டார்கள்,
பழகியவர்கள்.
நின்றது நிதியமைச்சர்.
ஒன்று, மூன்று பிராங்க், எலுமிச்சை.
நால்வர் நாக்கையும் சுற்றி வந்து
கடைசியில் குச்சி ஆரூரனுக்கு.

இரவு, கையில் ஒரு பிராங்க்.
பாலுக்கு அறுபது சதம் குறைகிறது.
பரவாயில்லை,
திங்கள் காலை வெறுந்தேத்தண்ணி.
சுகிர்தா சீனியைக் கொஞ்சம் கூடப் போட்டிருந்தாள்.