மயிரிழை

மூன்று பெட்டி என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.
கூத்தாநல்லூர் போய்ப் பார்த்தால் இரண்டரை.
மூன்றாவதில் பாதி தட்டு, பாதி மிக்சி ஜார்.

பி.டி. பீரியட் முடிந்து கழுத்தில் விசிலோடு வந்த
நூர்ஜமீலா டீச்சர்
"கிலோ எவ்வளவு?" என்றார்.
பேரீச்சம்பழக்காரன் முந்தாநாள் கேட்ட விலை
அவர் கண்ணில் இருந்தது.
"இது கிலோக் கணக்கில்லை, டீச்சர்."
"பின்னே?"

அந்தப் 'பின்னே'வைச் சொல்லத்தான்
பதினாறு வருஷமாகப் பஸ் ஏறுகிறேன்.

ஓரம் சில்லுப் போனால் பாதி விலை.
லேபிளில் யாராவது மசியால் பேர் எழுதியிருந்தால்
அதிலும் கால்வாசி போச்சு.
கல்யாணம் கல்யாணமாகப் போய்வந்த தட்டு
சாம்பல் பூத்துக் கிடக்கும்.
யாருக்கும் பிடிக்காத தட்டு
நேற்று வாங்கியதுபோல் மின்னும்.
விலை மின்னுகிறதுக்குத்தான்.

"அப்போ ஆசையாக் கேட்டவங்களுக்கு நஷ்டமா?"
"ஆமாம் டீச்சர்."
அவர் சிரிக்கவில்லை.

வெண்ணாறு வீட்டுக்குள் வந்த வருஷம்
அடிப்பெட்டித் தட்டுகளின் லேபிள் எல்லாம்
ஊறி உரிந்து போயிருந்தன.
பேரில்லாத தட்டைக் கையில் எடுத்தால்
முதலில் முகப்பவுடர் கேட்பேன்.
பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றும் இடத்தில்
விரலால் தேய்த்தால்
கம்பெனிக்காரன் கீறிய எண் வெள்ளையாக எழும்பும்.
எழும்பியது.
என் நோட்டில் இல்லாத எண்.
ஓரத்திலிருந்து நடுவரை
மயிரிழையாக ஒரு விரிசல்.

கேட்டால் விலை குறையும்.
கேட்காமல் விலை தெரியாது.

புது ஊசி போட்டு, சாவி முடுக்கி, வைத்தேன்.
டக். டக். டக்.
சுற்றுக்கு ஒரு தடவை விரிசல் பேசியது.
அதன் அடியில் ஒருத்தன்
மாயவரம் ஜங்ஷனை வாயாலேயே செய்துகொண்டிருந்தான்.
நீராவி. மணி. காபிக்காரன்.
டிரங்குப் பெட்டிக்குச் சண்டை.
விட்டுவிட்டு அழுத குழந்தைக்கு விக்கல்.
கார்டு விசில் ஊதினதும்
டீச்சர் கை தன்னால் கழுத்துக்குப் போனது.
அப்புறம் ரயில் கிளம்பி, தூரம் போய்,
இன்னும் தூரம் போய்.
தூரத்தை வாயால் எப்படிச் செய்தான்?

"இன்னொரு தடவை" என்றான் பையன் தமீம்.
"விலை குறையும்டா."
"எவ்வளவு குறையும்?"
மூன்று தடவை கேட்டோம்.

சென்னை ஆள் எட்டாயிரம் தருவான்.
விரிசல் இல்லாவிட்டால் முப்பது.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
"ஆயிரத்தைந்நூறு" என்றேன்.
"ஒடஞ்சதுக்கா? எந்நூறு போதும், எடுத்துட்டுப் போங்க."
அவருக்கு நான் இரக்கப்படுவதாக நினைப்பு.
"ரெண்டாயிரம்" என்றேன், நாக்கு தடித்து.
"வேணாம்னு சொன்னேனே."
இப்படி ஒரு பேரம் என் தொழிலில் பார்த்ததில்லை.
வாங்குகிறவன் ஏற, விற்கிறவர் இறங்க,
எட்டாயிரம் என்ற சொல் மட்டும்
கடைசிவரை என் வாயில் வரவில்லை.

அட்டெண்டன்ஸ் நோட்டில் கிழித்த தாளில் ரசீது:
கும்பகோணம் சு. குணாளன் வசம்
பழைய தட்டு நாற்பத்தொன்று,
ஒடஞ்சது ஒன்று.

நீடாமங்கலம் கேட் வழக்கம்போல் அடைத்திருந்தது.
நெல் மூட்டை வேகன்கள் நாற்பதுக்கு மேல்
நிதானமாகப் போயின.
நிஜ ரயில் அவ்வளவு நன்றாக இல்லை.

மடியிலிருந்த பெட்டியை
கண்டக்டர் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.
"என்ன சார் உள்ளே, பீங்கானா?"
பதில் சொல்வதற்குள்
லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கையில் திணித்தார்.
பதினெட்டு ரூபாய்.
அன்றைக்கு ஒருத்தரும் தயங்காமல் சொன்ன விலை
அது ஒன்றுதான்.

கேட் திறந்தது.
தண்டவாளத்தில் பஸ் ஏறி இறங்கியபோது
பெட்டிக்குள் ஏதோ
டக் என்றது.
நான் திறந்து பார்க்கவில்லை, வலங்கைமான் வரை.