மாதாந்திரப் பராமரிப்பு

செவ்வாய் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை
சோமனூர் வட்டாரத்தில் மின்சாரம் இருக்காது.
பேப்பரில் அந்தச் செய்தியை மட்டும் கத்தரித்து
சமூக மருத்துவத் துறைப் பலகையில் குத்திவைத்தார் மேடம்.
"அன்னைக்குப் போங்க. அன்னைக்குத்தான் தறி நிக்கும்."

ஹவுஸ் சர்ஜன்கள் ஆறு பேர், கல்லூரி வேன்,
ஆளுயரக் காதுப் படம்,
தெர்மாகோலில் ராத்திரி நான் செதுக்கிய நத்தைச் சுருள்,
மஞ்சள் நுரைப்பஞ்சுக் காதடைப்பான் இருநூறு ஜோடி,
ஒரு மைக் செட்.
கரண்டு இல்லாத ஊரில் மைக்கை எதில் செருகுவது என்பது
ஸ்பீக்கரை இறக்கிவைத்த பிறகுதான்
இம்தியாஸுக்கு உறைத்தது.

சென்னியப்பன் தறிக்குடோன்.
நாடா பாதிப் பாவில் நின்றுபோயிருந்தது.
ஜன்னல் கம்பியில், காலண்டர் பிள்ளையாரின் தும்பிக்கையில்,
வெளியே வேம்பின் கீழ்க்கிளையில்கூடப் பஞ்சு.
பெஞ்சிலும் தரையிலும் நாற்பது பேர்.

"எண்பத்தஞ்சு டெசிபலுக்கு மேல எட்டு மணி நேரம்..."
யார் முகமும் அசையவில்லை.
கொஞ்சம் சத்தமாக.
இன்னும்.
கழுத்து நரம்பு புடைக்க நான் கத்தியதில்
பக்கத்துக் காட்டு வெள்ளாடு நிமிர்ந்து பார்த்தது.

முன்வரிசை ரங்காத்தாள் கையை ஆட்டி நிறுத்தினார்.
"கத்தாதீங்க கண்ணு.
கத்துனா வாயி கோணிக்குது.
கோணுனா படிக்க முடியறதில்லீங்."

அப்போதுதான் கவனித்தேன்,
எண்பது கண்ணில் ஒன்றுகூட
என் கண்ணைப் பார்க்கவில்லை.

முப்பது வருசத் தறிச் சத்தத்துக்குள்
அவர்கள் பேசிக்கொள்வது இப்படித்தானாம்.
கல்யாணச் சேதி, போனஸ் பேச்சு, மேஸ்திரிக்கு வசவு,
எல்லாம் உதட்டிலேயே.

குரலை அணைத்தேன்.
வாயை மட்டும் மெதுவாகத் திறந்து மூடிச் சொன்னேன்:
காது போனால் திரும்ப வராது.
மொத்தக் கூட்டமும் சிரித்தது.
"காசு போனா வராதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?"

காது, காசு.
உதட்டுக்கு இரண்டும் ஒன்று.
ஐந்து வருசப் படிப்பில்
இதை யாரும் நடத்தவில்லை.

அடைப்பானை உருட்டி, நசுக்கி,
காது மடலை மேலே இழுத்துச் செருகும் விதத்தை
அனந்திகா செய்துகாட்டினாள்.
போன மாசம் வேலைக்குச் சேர்ந்த மாரப்பன்,
அங்கே நல்ல காது அவனுடையது மட்டும்தான், எழுந்தான்.
"இத வெச்சுட்டா நூலு அறுந்தது எப்பிடிங் கேக்கும்?
தெரியாம நாலு மீட்டர் ஓடிட்டா
டேமேஜுன்னு கூலியில புடிப்பாங்க."

படத்தைப் பார்த்தேன்.
வெளிக்காது, நடுக்காது, உட்காது.
கூலி எந்தக் காதில் இருக்கிறதென்று அம்புக்குறி இல்லை.
சென்னியப்பனைப் பார்த்தேன்.
டீ வந்துவிட்டது என்றார்.

நான்குக்குப் பத்து நிமிடம் முன்பே கரண்டு வந்தது.
அத்தனை தறியும் ஒரே மூச்சில்.
வேனில் ஏறப்போன என்னை
வாசல் வழியே ரங்காத்தாள் பார்த்தார்.
வலது காதில் மஞ்சள். இடது காது சும்மா.
ஏதோ சொன்னார், நீளமாக, கேள்வி மாதிரி.
உதட்டையே பார்த்தேன்.
ஒரு சொல்லும் பிடிபடவில்லை.
புரிந்ததுபோலத் தலையாட்டிவைத்தேன்.

இரவு அறிக்கை.
பயனாளிகள் நாற்பது, வழங்கியது எண்பது ஜோடி.
அடுத்த வருகை என்ற கட்டம் மட்டும் காலி.
தினமும் பேப்பரைப் புரட்டுகிறேன்.
மின்தடை அறிவிப்பில்
சோமனூர் இன்னும் வரவில்லை.