அறுபத்தொரு வரி

முதல் வரி எழுதும்போது கை நடுங்கவில்லை.
நடுங்க நேரமில்லை.
பால்பவுடர் அட்டைப்பெட்டியைக் கிழித்து உட்புறத்தில்
நாடி 132, மூச்சு 28,
இடது கால் முழங்காலுக்குக் கீழே
என்று எழுதிவிட்டு
அடுத்த சொல் கிடைக்காமல் ஒரு கோடு போட்டேன்.

ஹெலிகாப்டர் ஃபாயாவில் நிற்கிறது.
எங்களுக்கும் ஃபாயாவுக்கும் நடுவே
மணல் எழுந்து நிற்கிறது.
பயிற்சியில் சொன்னது ஒரு மணி நேரத்துக்கு:
இறுக்கு, குத்து, ஒப்படை.
ஒப்படைக்க ஆள் வராத இரண்டாம் மணியைப் பற்றியும்
ஒரு வகுப்பு இருந்தது.
அன்று எனக்கு வயிற்றுப்போக்கு.

டிபெஸ்தி மலை. வறண்ட எனெரி.
டொயோட்டாவின் நிழல்தான் வார்டு,
வெயிலோடு அதுவும் நகர்ந்தது,
நாங்கள் வார்டுகுவைத் தூக்கிக்கொண்டு
அதன் பின்னால் நகர்ந்தோம்.
நான் லோகோன் ஆற்றங்கரைக்காரன். அவன் இந்தக் கல்லில் பிறந்தவன்.
அவன் மொழியில் எனக்குத் தெரிந்தவை நான்கு சொற்கள்:
தண்ணீர், வலி, நில், இல்லை.
மூன்று நாள் பேச அதுவே மிச்சம்.

சண்டையைப் பற்றிச் சொல்பவர்கள் சொல்லாதது:
பல் துலக்கிவிட வேண்டும்.
விரலில் துணி சுற்றி, ஈறு ஈறாக.
இரண்டு மணிக்கொருமுறை புரட்ட வேண்டும்,
குதிகாலுக்கு அடியில் யாருடைய தலைப்பாகையாவது.
ஒரே ஒரு குதிகால்தான், இருந்தும்.

இரவில் சுகுமி படுத்துக்கொண்டு கையை நீட்டினான்.
அவன் ரத்தம் வெதுவெதுப்பாகப் பைக்குள் இறங்க,
பையிலிருந்து வார்டுகுவுக்குள் இறங்க,
"இதற்கு மேல் அவன் என்னிடம் கடன் கேட்கக் கூடாது" என்றான்.
பிறகு இனிப்பாய் ஒரு தேநீர் கேட்டான்.
சர்க்கரை இல்லை.
சலைன் தீர்ந்த பொழுதே
ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு, ஒரு லிட்டர் என்று
எல்லாம் வார்டுகுவின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

சாட்டிலைட் போனில் டாக்டர் தெனெமாஜி
மணிக்கொரு கேள்வி கேட்டாள், ஒரே கேள்வி:
"எத்தனை மில்லி?"
அவள் சிறுநீர் என்பாள். நாங்கள் மூத்திரம் என்போம்.
ஆளுக்கு அரைக் குவளை தண்ணீர் என்று அளந்து குடித்த ஏழு பேர்
அந்தப் போத்தலைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.
முப்பது என்றால் மூச்சு விட்டோம்.
முப்பத்தெட்டாம் மணி: பத்து.
அடுப்பில் மறந்துபோன தேநீரின் நிறம்.
நாற்பது: நான்கு.
நாற்பத்தொன்று: இல்லை.

போனில் காற்று மட்டும் கேட்டது.
அல்லாச்சி எழுந்து போய் வண்டி டயரை உதைத்தான்.
பிறகு அவள், மிகவும் மெதுவாக,
"குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, பார்."

தொடைக்கு அடியில்.
நான்தான் புரட்டினேன்.
நான்தான் மடக்கினேன்.
நிமிர்த்தியதும் வந்தது பாருங்கள்,
நூற்றுப் பத்து, நூற்று நாற்பது,
அல்லாச்சி போத்தலை முத்தமிட்டான்,
ஒருவன் அழுதான், அது நானாக இருக்கலாம்.
வார்டுகு கண் திறந்து
எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்டிருப்பான்.
அந்தச் சொல் எனக்குத் தெரியாது.

அறுபத்தோராம் மணியில் ஹெலிகாப்டர் இறங்கியது.
இறக்கையின் காற்று அட்டையை என் கையிலிருந்து பிடுங்கியது.
இரைச்சலுக்கு மேல் கத்தி ஒப்பித்தேன்,
முதல் வரியிலிருந்து, நாடி, மூச்சு, மில்லி.
உள்ளே இருந்தவன் கையுறையைக் காட்டி
"கடைசியை மட்டும் சொல்" என்றான்.
சொன்னேன். எழுதிக்கொண்டான். கதவை இழுத்தான்.

ஆள் இருக்கிறான், கால் போதாமல்போய் இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள்
என்று மூன்று வாரம் கழித்து யாரோ சொன்னார்கள்.

அட்டையை அல்லாச்சி தேடிப் பார்த்தான்.
முள்ளில் மாட்டியிருக்கும். ஆடு தின்றிருக்கும்.
உப்புக் கரைத்த விரலால் பிடித்து எழுதியது,
ருசியாகத்தான் இருந்திருக்கும்.